கேட் கேமரா தினமும் சாயங்காலம் ஆஃப்லைன் ஆகிறது, உதவி தேவை (அவசரம்)

செட்டிநாட்டு_மகள் | நவம்பர் 14, இரவு 9:12
வணக்கம். காரைக்குடி பக்கம் ஊரில் அப்பா அம்மா மட்டும் இருக்கிறார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் வைஃபை கேமரா போட்டிருக்கிறோம். தினமும் சாயங்காலம் ஆனால் ஆஃப்லைன் என்று காட்டுகிறது, காலையில் தானாக வந்துவிடுகிறது. ரூட்டரை அணைத்துப் போட்டாயிற்று. ஆப்பை அழித்துத் திரும்ப ஏற்றியாயிற்று. போன வாரம் பக்கத்துத் தெருவில் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. நான் பெங்களூரில் இருக்கிறேன். என்ன செய்வது? சீக்கிரம் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம் | 9:20
என்ன கேமரா? பாட்டரியா, சோலாரா, அடாப்டரா? ரூட்டரிலிருந்து எத்தனை அடி? நடுவில் எத்தனை சுவர்? இதெல்லாம் இல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

மில்தெரு_கோவை | 9:31
எனக்குத் தெரிந்து இது நெரிசல்தான். சாயங்காலம் எல்லாரும் வீடு திரும்பி டிவி, போன் என்று வைஃபையில் உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் காம்பவுண்டில் மட்டும் பதினாறு வைஃபை தெரிகிறது. ரூட்டர் செட்டிங்கில் சேனல், அதாவது வைஃபை ஓடும் அலைவரிசையின் எண், ஆட்டோவில் இருந்தால் எடுத்துவிட்டு 1, 6, 11 மூன்றில் எது காலியோ அதில் வையுங்கள். இடையில் உள்ள எண்களை வைத்தால் இரண்டு பக்கமும் இடிக்கும். நான் 11க்கு மாற்றியதிலிருந்து ஒரு நாள்கூட அறுந்ததில்லை.

பழைய_பொறியாளர் | 9:48
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. வயர்லெஸ் என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் போதும், வாங்கி மாட்டிவிட வேண்டியது. அடிப்படையை முதலில் புரிந்துகொள்ளுங்கள். இந்த விலைக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் பேசும். ரூட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே வைஃபை பெயரில் கொடுத்தால் சில கேமராக்கள் குழம்பும். பெயரைத் தனித்தனியாகப் பிரியுங்கள். வைஃபையைப் பூட்டும் பாதுகாப்பு வகை புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய டபிள்யூபிஏ2 என்று மாற்றுங்கள். இவ்வளவுதான் விஷயம்.

மாடித்தோட்டம் | 9:55
ஐயா, நீங்கள் சொன்னது இரண்டும் சரிதான். ஆனால் அந்தக் காரணம் என்றால் கேமரா பகலிலும் ஒட்டக் கூடாதே. காலையில் தானாக வருகிறது என்கிறாரே?

பழைய_பொறியாளர் | 10:02
பகலில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் சொன்னதைச் செய்யச் சொல்லுங்கள், அப்புறம் கேள்வி கேட்கலாம்.

தேனி_தோப்பு | 10:40
எங்கள் தென்னந்தோப்பில் சோலார் கேமராவில் இதே கதை. மழை மாதத்தில் மேகம் மூடினால் பேனலில் சார்ஜ் ஏறுவதில்லை. பேனலைத் தெற்குப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்து வைத்து, எச்சமும் தூசியும் போக வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறேன். ஆப்பில் கேமரா எத்தனை முறை விழித்தது என்று பாருங்கள். மட்டை ஆடினாலும் விழித்துக்கொள்ளும், பாட்டரி அதிலேயே தீரும். அசைவு உணரும் அளவைக் குறைத்து, மட்டையும் சாலையும் தெரியாதபடி சற்றுக் கீழ்நோக்கித் திருப்பினேன். இப்போது மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் தாங்குகிறது.

செட்டிநாட்டு_மகள் | நவம்பர் 15, காலை 7:05
மன்னிக்கவும், நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன். சோலார் இல்லை, அடாப்டர். ரூட்டர் ஹாலில், கேமரா கேட் தூணில். வைஃபை நன்றாகக் கிடைக்கிறது, அப்பா கேட்டில் நின்றே வீடியோ கால் பேசுவார். பழைய பொறியாளர் ஐயா சொன்னபடி பெயரைப் பிரித்துப் போட்டாயிற்று, சேனலும் 6 என்று மாற்றியாயிற்று. அதற்குப் பிறகும் நேற்று இரவு முழுக்க வரவில்லை.

மதுரை_வயர்மேன் | 7:30
தங்கச்சி, நாலு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஒன்று, சரியாக எத்தனை மணிக்குப் போகிறது? இரண்டு, அடாப்டர் எங்கே செருகியிருக்கிறது, அங்கிருந்து கேமராவுக்குக் கேபிள் எவ்வளவு நீளம்? மூன்று, கேமராவில் மெமரி கார்டு இருக்கிறதா, இருந்தால் இரவுப் பதிவு அதில் இருக்கிறதா? நாலு, என்றைக்காவது இரவில் போகாமல் இருந்ததா?

மூன்றாவதுதான் முக்கியம். வைஃபை மட்டும் அறுந்தால் கேமரா தன் பாட்டுக்குக் கார்டில் பதிந்துகொண்டிருக்கும். கார்டிலும் ஒன்றும் இல்லை என்றால் கேமராவே அணைகிறது என்று அர்த்தம். அப்புறம் ரூட்டரைத் தொட்டுப் பயனில்லை.

சிலந்தி_எதிரி | 8:15
கண்ணாடியைத் துடைத்தீர்களா? இரவில் கேமரா நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் போடும். அந்தப் பக்கம் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸ் முன்னால் ஒரே ஒரு இழை இருந்தாலும் இரவில் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். எங்கள் வீட்டில் மாதம் இரண்டு முறை மென்மையான பெயின்ட் பிரஷால் தட்டிவிடுகிறோம்.

மாடித்தோட்டம் | 8:21
அது படம் கெடுவதற்குக் காரணம். இங்கே கேமராவே ஆஃப்லைன் ஆகிறது. ஆனாலும் பிரஷ் யோசனை நல்லது, எடுத்துக்கொள்கிறேன்.

மில்தெரு_கோவை | 8:44
சாயங்காலம் லைனில் வோல்டேஜ் குறைவாக இருக்குமோ? ஊர்ப்பக்கம் அதுவும் உண்டு.

மதுரை_வயர்மேன் | 8:52
நல்ல கேள்விதான். ஆனால் பெரும்பாலான அடாப்டர்கள் 100 வோல்ட்டிலிருந்து 240 வரை தாங்கும், உடம்பிலேயே அச்சடித்திருக்கும். விளக்கு மங்கினாலும் அது 5 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் அந்தப் பக்கம் எனக்குச் சந்தேகம் குறைவு.

செட்டிநாட்டு_மகள் | மதியம் 1:18
லஞ்ச் இடைவேளையில் எழுதுகிறேன். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

1) ஆகஸ்டில் மாட்டியபோது ஆறரைக்கு மேல் போகும். இப்போது ஆறு மணிக்கே போய்விடுகிறது. மழை மூடினால் ஐந்தரைக்கே.
2) போர்டிகோ பிளக்கில் அடாப்டர். கேமராவோடு வந்த கேபிள் மூன்று மீட்டர், பத்தாமல் கடையில் ஐந்து மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வாங்கிச் சேர்த்திருக்கிறது.
3) கார்டு இருக்கிறது. 5:57 வரை பதிவு, அப்புறம் எட்டு பத்து விநாடித் துண்டுகள் கொஞ்சம், பிறகு ஒன்றுமே இல்லை.
4) தீபாவளிக்குச் சித்தப்பா குடும்பம் வந்திருந்தபோது இரண்டு நாளும் போகவில்லை. ஆச்சரியமாக இருந்தது, ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை.

இன்னொன்று. கேமராவில் எங்கள் கேட், தெரு, எதிர் வீட்டுத் திண்ணை எல்லாம் நன்றாகத் தெரியும், அதனால் கோணத்தில் பிரச்சினை இல்லை.

நான்காம்_வீதி | 1:40
எதிர் வீட்டுத் திண்ணையா? அவர்களிடம் சொன்னீர்களா? எங்கள் எதிர் வீட்டில் இப்படி ஒன்றை மாட்டியதிலிருந்து என் மனைவி விடியற்காலையில் கோலம் போடக் குனியவே கூச்சப்படுகிறாள். நாங்கள் வாய் திறந்து சொல்லவும் முடியவில்லை, பழகின மனிதர்கள்.

மில்தெரு_கோவை | 1:52
தெரு பொது இடம். யாரும் படம் எடுக்கலாம். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே, சொந்த வீட்டுத் தேவைக்காக ஒரு தனி மனிதர் செய்வதற்குப் பொருந்தாது என்கிறது. திருடன் வந்தால் அந்தப் பதிவு எதிர் வீட்டுக்கும்தான் உதவும்.

நான்காம்_வீதி | 2:05
அந்தச் சட்டம் பொருந்தாது என்றால் எதிர் வீட்டுக்காரருக்கு மரியாதையே இல்லை என்று ஆகிவிடுமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்புச் சொன்னது. திண்ணை அவர்கள் வீடு. அங்கே தாத்தா சட்டையில்லாமல் படுத்திருப்பார், பெண்பிள்ளைகள் தலை உலர்த்துவார்கள். இதை ஒருவர் பெங்களூரில் போனில் பார்க்கலாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மில்தெரு_கோவை | 2:11
அவர் கேட்டது கேமரா ஏன் அணைகிறது என்று. பாவம், அவர் அம்மா பயந்துபோய் இருக்கிறார். இப்போது இந்தப் பேச்சு தேவையா?

மாடித்தோட்டம் | 2:20
இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்கிறேன். பல ஆப்களில் படத்தின் ஒரு பகுதியை மறைக்கும் வசதி உண்டு, அந்தப் பகுதி பதிவிலும் கறுப்பாகவே இருக்கும். திண்ணையை மறைத்துவிட்டு எதிர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அப்படியே கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். 2016இல் மிராய் என்ற நிரல், கம்பெனி வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்துத்தான் பெரிய பெரிய இணையதளங்களை முடக்கியது. நம் கேட் கேமராவைத் தெரியாதவன் பார்ப்பது அதைவிட மோசம்.

பழைய_பொறியாளர் | 2:48
வீட்டுப் பாதுகாப்புக்கு வைஃபை கேமரா வாங்குவதே தவறு என்று எத்தனை தடவை சொல்வது? ஒரே ஈதர்நெட் கேபிளில் கரண்டும் படமும் போகும். நூறு மீட்டர் வரை கவலை இல்லை. விலை பார்த்து வாங்கிவிட்டு இங்கே வந்து நிற்கிறீர்கள்.

தேனி_தோப்பு | 3:10
வயது முதிர்ந்தவர்கள் இருக்கும் பழைய வீட்டில் சுவரைக் குடைந்து கேபிள் இழுக்க எல்லாராலும் முடியாது ஐயா. முடிந்ததைத்தானே செய்ய முடியும்.

மதுரை_வயர்மேன் | மாலை 5:25
இப்போதுதான் வேலை முடிந்து பார்க்கிறேன். தங்கச்சி, உங்கள் நாலு பதிலிலும் காரணம் இருக்கிறது.

போகிற நேரம் கடிகாரத்தைப் பார்த்து வரவில்லை, இருட்டைப் பார்த்து வருகிறது. ஆகஸ்டில் பொழுது சாயும் நேரம் வேறு, நவம்பரில் வேறு, மழை மூடினால் இன்னும் சீக்கிரம். இருட்டினால் கேமரா அகச்சிவப்பு விளக்குகளைப் போடும். அந்த நிமிடம் அது இழுக்கும் கரண்டு இரண்டு மூன்று மடங்காகிவிடும். தீபாவளிக்கு விருந்தாளிகள் இருந்ததால் கேட் விளக்கும் போர்டிகோ விளக்கும் விடிய விடிய எரிந்திருக்கும், சரியா? வெளிச்சம் இருந்ததால் அகச்சிவப்பு போடவே இல்லை, கேமராவும் அணையவில்லை.

குற்றவாளி அந்த எட்டு மீட்டர் கேபிள். சாதாரண யூஎஸ்பி கேபிள்கள் பலவற்றில் உள்ளே 28 கேஜ் கம்பிதான், தலைமுடி கற்றை மாதிரி. மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. போக எட்டு, வர எட்டு, மொத்தம் பதினாறு மீட்டர், 3.4 ஓம் வந்துவிட்டது. பகலில் 200 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் வழியிலேயே 0.7 வோல்ட் தின்றுவிடும், கேமராவுக்கு 4.3 கிடைக்கும், எப்படியோ ஓடும். இரவில் 500 இழுத்தால் 1.7 வோல்ட் போய்விடும். கேமராவுக்கு 3.3தான். அணைந்து, எழுந்து, விளக்கைப் போட்டு, மறுபடி அணையும். அந்த எட்டு விநாடித் துண்டுகள் அதுதான்.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஆப்பில் இரவுப் பார்வை என்பதை இன்றைக்கு ஆஃப் செய்யுங்கள். படம் கறுப்பாக இருக்கும், ஆனால் கேமரா ஆன்லைனிலேயே இருக்க வேண்டும்.

செட்டிநாட்டு_மகள் | இரவு 8:03
அண்ணா, ஆஃப் செய்தேன். எட்டு மணி ஆகிவிட்டது, இன்னும் ஆன்லைன். ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் கேட் பக்கம் நாய் குரைப்பது போனில் கேட்கிறது. அம்மாவிடம் சொன்னேன். ஆமாம், அந்த இரண்டு நாளும் விளக்கு அணைக்கவே இல்லையாம்.

இப்போது என்ன வாங்க வேண்டும்? பெரிய அடாப்டர் போட்டால் சரியாகுமா?

மதுரை_வயர்மேன் | 8:20
பெரிய அடாப்டர் வேண்டாம். 2 ஆம்பியர் என்றாலும் 3 ஆம்பியர் என்றாலும் கொடுப்பது அதே 5 வோல்ட், கம்பியில் இறங்குவதும் அதேதான். அடாப்டரைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும்.

கேட் தூணில் விளக்கு இருக்கும், அதற்கு 230 வோல்ட் லைன் ஏற்கெனவே வந்திருக்கும். தூணில் மூடி போட்ட மழை தாங்கும் பெட்டி ஒன்று வைத்து, அதற்குள் பிளக் பாயின்ட்டும் அடாப்டரும். ஆனால் அந்த லைன் வீட்டுக்குள் இருக்கும் ஸ்விட்ச் வழியாக வரும், விளக்கை அணைத்தால் கேமராவும் அணையும். அதனால் ஸ்விட்சை எப்போதும் போட்டே வைத்து, மேலே டேப் ஒட்டிவிடச் சொல்லுங்கள். பல்பை மட்டும் இருட்டினால் தானாக எரியும் சென்சார் எல்இடியாக மாற்றிவிடுங்கள். இரவிலும் நிறத்தோடு படம் கிடைக்கும், வருகிறவனுக்கும் வெளிச்சம் தெரியும்.

அந்த லைன் இன்வெர்ட்டரில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரூட்டரும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்டு போகும் இரவில் இத்தனையும் வீண்.

அப்பா கையால் செய்ய வேண்டாம். மழை நேரம், ஈரத் தூண், 230 வோல்ட். உள்ளூர் வயர்மேன் மெயினை இறக்கிவிட்டுச் செய்யட்டும், அரை நாள் வேலை.

பழைய_பொறியாளர் | 9:05
கேபிள் நீளத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். வயர்மேன் கணக்கு சரி.

நான்காம்_வீதி | 9:30
அம்மா நிம்மதியாகத் தூங்கட்டும் தங்கச்சி. திண்ணை விஷயத்தையும் மறக்காதீர்கள்.

செட்டிநாட்டு_மகள் | நவம்பர் 23, காலை 6:48
பெட்டி வைத்து ஐந்து நாள் ஆகிறது. ஒரு நாளும் போகவில்லை. திண்ணையை மறைத்தாயிற்று, எதிர் வீட்டு ஆச்சியிடம் அம்மா போனைக் கொண்டுபோய்க் காட்டினாள். எல்லாருக்கும் நன்றி, வயர்மேன் அண்ணாவுக்கு ரொம்ப. ட்ரெயின் வந்துவிட்டது.

மதுரை_வயர்மேன் | 7:15
சந்தோஷம் தங்கச்சி. ஒன்று விட்டுவிட்டேன். பெட்டிக்குள் கேபிள் நுழைகிற துளை கீழ்ப்பக்கம் இருக்கிறதா என்று அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். நுழைவதற்கு முன்னால் கேபிள் ஒரு ஜாண் கீழே தொங்கி, பிறகு மேலேறிப் போக வேண்டும். கேபிள் வழியாக வழியும் மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது. டிசம்பர் மழைக்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.