பெரியப்பாவிடமிருந்து வந்த பதில்

குழு: சாஸ்தா கோயில் வகையறா

பினாங்கு அக்கா, காலை 5:52
எல்லாருக்கும் வணக்கம். பங்குனி உத்திர வரிப் பணம் அனுப்பிவிட்டு, ரசீதை நேற்று ராத்திரி கோயில் மெயிலுக்குப் போட்டேன். உடனே பதில் வந்தது. பெரியப்பா பேரில்.

பினாங்கு அக்கா, காலை 5:53
"தங்கள் மடல் கிடைத்தது. நான் காசி யாத்திரை போயிருக்கிறேன். திரும்பியதும் ரசீது அனுப்புகிறேன். அதுவரை சாஸ்தா துணை." இப்படி வந்திருக்கிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. தூங்கவே இல்லை.

பம்பாய் அத்தான், காலை 6:10
என்னது?

கோவில்பட்டி அத்தை, காலை 6:14
அண்ணன் பேரிலா? சாஸ்தாவே.

முத்து, காலை 6:20
அப்பா போனை அணைத்து பீரோவில் வைத்து நாலு மாதம் ஆயிற்று. எப்படிப் போகும்?

சித்தப்பா, காலை 6:31
யாரோ கள்ளத்தனமாக உள்ளே நுழைந்திருக்கிறார்கள். வரிப் பணம் வருகிற நேரம் பார்த்து வேலையைக் காட்டுகிறார்கள். யாரும் பணம் அனுப்ப வேண்டாம்.

பம்பாய் அத்தான், காலை 6:33
நான் அனுப்பிவிட்டேனே. வங்கிக் கணக்குக்குத்தான்.

இசக்கி, காலை 6:58
யாரும் பயப்பட வேண்டாம், யாரும் உள்ளே நுழையவில்லை. பெரியப்பா ஆவணியில் காசிக்குக் கிளம்பும்போது வெப்மெயிலில் ஒரு தானியங்கிப் பதில் வைத்துவிட்டுப் போனார். முடிகிற தேதி போடவில்லை. திரும்பி வந்ததும் உடம்புக்கு முடியாமல் போனதில் அணைக்க மறந்துவிட்டார். ஐப்பசியில் நம்மை விட்டுப் போனார். பங்குனி நெருங்கினால்தான் அந்த மெயிலுக்கு யாராவது எழுதுவார்கள், அதனால் இதுவரை நமக்குத் தெரியவில்லை.

முத்து, காலை 7:01
போன்தான் அணைந்திருக்கிறதே?

இசக்கி, காலை 7:09
பதில் போவது போனிலிருந்து இல்லை, சர்வரிலிருந்து. பெரியப்பா ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிக்கிற இடத்தில் இருந்தவர், அவர் பாஷையிலேயே சொல்கிறேன். கடிதம் நம் வீட்டுக்கு வந்தபிறகு நாம் பிரித்து அடுக்குவது ஒன்று. கம்ப்யூட்டரில் இருக்கிற மெயில் மென்பொருளில் ஃபில்ட்டர் போட்டால் அப்படித்தான், அது திறந்திருந்தால்தான் வேலை நடக்கும். இன்னொன்று, கடிதம் வீட்டுக்கு வருமுன்பே ஆர்.எம்.எஸ்.ஸில் பின்கோடு பார்த்து 627 திருநெல்வேலிக்கு, 628 தூத்துக்குடிக்கு என்று அறை அறையாகப் போடுவார்களே, அது. வீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. வெப்மெயிலில் வைக்கிற விதி இந்த இரண்டாவது வகை. நம் கோயில் மெயில் சர்வரில் இந்த வேலையைச் செய்கிற பகுதிக்கு "பிஜன்ஹோல்" என்றே பேர். கடிதம் பிரிக்கிற புறா அறைதான். விதிகளை எழுதுகிற மொழிக்குப் பேர் "சீவ்", அதாவது சல்லடை. பெரியப்பாவிடம் இதைச் சொன்ன அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா.

மாமா (பாளை), காலை 7:15
👍

கோவில்பட்டி அத்தை, காலை 7:16
சல்லடை என்றதும் ஞாபகம் வருகிறது. பொங்கல் அரிசியை இந்தத் தடவை யார் புடைப்பது? போன வருடம் கல் கடித்தது.

பம்பாய் அத்தான், காலை 7:18
அப்படியே வேனும் சொல்லுங்கள். இன்னும் 19 நாள்தான் இருக்கிறது. 2 வேன் போதுமா?

இசக்கி, காலை 7:20
முதலில் மெயிலுக்குள் போக வேண்டும். பெரியம்மா, பாஸ்வேர்டு எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாரா?

முத்து, காலை 7:41
அம்மா வரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது என்கிறாள்.

முத்து, காலை 7:42
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

இசக்கி, காலை 7:43
முத்து, இந்தக் குழுவில் 64 பேர் இருக்கிறோம். பாஸ்வேர்டைப் படம் எடுத்துப் போடாதே. எனக்குத் தனியாக அனுப்பு. எப்படியும் உள்ளே போனதும் மாற்றிவிடுகிறேன்.

சித்தப்பா, காலை 7:50
அண்ணன் இருந்தவரை அந்தப் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுத்ததில்லை. கணக்கும் அப்படித்தான். இப்போது நோட்டில் இருக்கிறதாம்.

மாமா (பாளை), காலை 7:52
அந்தப் பேச்சு இப்போது எதற்கு?

சித்தப்பா, காலை 7:53
நான் கொடைக் கணக்குக் கேட்டு எத்தனை மெயில் போட்டேன். ஒன்றுக்காவது பதில் உண்டா? கேதத்துக்கு வந்து நின்றேன், அப்போதும் மனசுக்குள் அதுதான் ஓடியது. மறைத்துப் பேசத் தெரியாது எனக்கு.

கோவில்பட்டி அத்தை, காலை 7:55
மதினி இந்தக் குழுவில் இருக்கிறாள். பார்த்து எழுது.

இசக்கி, காலை 8:47
உள்ளே போய்விட்டேன். செட்டிங்ஸ், அதில் ஃபில்ட்டர்ஸ். 3 விதிகள் இருக்கின்றன. சித்தப்பா, இதை நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதல் விதி: தலைப்பில் "கணக்கு" என்ற சொல் இருந்தால் அந்த மெயிலைக் "கணக்கு" ஃபோல்டருக்கு நகர்த்து, அதோடு நிறுத்து. இரண்டாவது விளம்பரங்களுக்கு. மூன்றாவது காசி பதில். விதிகளை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வரும். முதல் விதியில் "நிறுத்து" இருப்பதால், அதில் மாட்டிய மெயில் மூன்றாவது விதி வரை வரவே வராது.

இசக்கி, காலை 8:52
அந்த "கணக்கு" ஃபோல்டரில் 14 மெயில்கள் இருக்கின்றன. எல்லாம் சித்தப்பா அனுப்பியவை. 14ம் படிக்கப்படாதவை. நான் எதையும் திறக்கவில்லை, தலைப்பை மட்டும்தான் பார்த்தேன்.

பினாங்கு அக்கா, காலை 8:54
ஐயோ.

சித்தப்பா, காலை 9:10
படிக்கவே இல்லையா?

இசக்கி, காலை 9:21
அவர் கண்ணில் படவே இல்லை சித்தப்பா. பெரியப்பா போனில் மெயில் பாப் முறையில் வைத்திருந்தது. அந்த முறை இன்பாக்ஸில் இருப்பதை மட்டும்தான் போனுக்குக் கொண்டு வரும், வேறு ஃபோல்டரை எட்டிக்கூடப் பார்க்காது. ஐமேப் முறையாக இருந்தால் எல்லா ஃபோல்டரும் போனில் தெரிந்திருக்கும். சரி, வெப்மெயிலைத் திறந்தபோதாவது தெரிந்திருக்க வேண்டுமே என்று தேடினேன். செட்டிங்ஸில் ஃபோல்டர்கள் பட்டியலில் "கணக்கு"க்கு எதிரே டிக் இல்லை. அந்த டிக் இல்லாவிட்டால் இடது பக்கத்தில் ஃபோல்டர் காட்டாது. ஆனால் மெயில் அதற்குள் விழுந்துகொண்டேதான் இருக்கும்.

இசக்கி, காலை 9:24
இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2021இல் அந்த முதல் விதியைப் போட்டுக் கொடுத்தது நான்தான். வரவு செலவு ரசீதுகள் ஒரே இடத்தில் சேரட்டும் என்று பெரியப்பா கேட்டார். போனில் எந்த முறை இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். சித்தப்பாவிடமும் பெரியம்மாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

சித்தப்பா, காலை 9:40
ஆவணியில்கூட ஒன்று அனுப்பினேன். எனக்கு அந்தக் காசி பதிலும் வரவில்லை. எல்லாருக்கும் போகிறது, எனக்கு மட்டும் இல்லை.

இசக்கி, காலை 9:42
அதற்கும் அந்த "நிறுத்து"தான் காரணம். தலைப்பில் "கணக்கு" என்று போட்டிருக்கிறீர்கள்.

சித்தப்பா, காலை 9:43
எல்லாவற்றிலும் அப்படித்தான் போட்டேன்.

சித்தப்பா, காலை 9:58
வேண்டுமென்றே பதில் போடாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். மூன்று பங்குனிக்கு வரவில்லை நான்.

கோவில்பட்டி அத்தை, காலை 10:02
போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இரண்டு பேரும். அண்ணனும் "தம்பி ஒரு கடிதாசிகூடப் போடவில்லை" என்று என்னிடம்தான் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்.

மாமா (பாளை), காலை 10:05
விடுங்கள். இந்த வருடம் எல்லாரும் வாருங்கள்.

பம்பாய் அத்தான், காலை 10:06
அப்படியென்றால் சித்தப்பா வீட்டு 7 பேரையும் சேர்த்தால் 2 வேன் போதாது.

இசக்கி, காலை 10:30
இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒன்று, முதல் விதியை மாற்றி "நகர்த்து" என்பதற்குப் பதில் "நகல் எடு" என்று வைக்கிறேன். ஃபோல்டரிலும் இருக்கும், இன்பாக்ஸிலும் இருக்கும். இரண்டு, காசி பதிலை அணைக்க வேண்டும். மூன்று, இனி வரி ரசீதை யார் பார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும். எல்லா மெயிலையும் வேறொருவருக்குத் தள்ளிவிடுகிற விதியும் உண்டு, ஆனால் வெளி முகவரிக்கு அப்படித் தள்ளும்போது சில மெயில்கள் அங்கே ஸ்பாமில் போய் விழும். பொறுப்பெடுப்பவர் கோயில் மெயிலையே ஐமேப் முறையில் தன் போனில் வைத்துக்கொள்வது நல்லது. அப்புறம், புது விதி இனி வருகிற மெயிலுக்குத்தான். ஏற்கெனவே வந்து கிடப்பதை அது தொடாது. பழையதை நான் கையால் எடுத்து வைக்கிறேன்.

முத்து, காலை 10:33
வாட்ஸ்அப்பிலேயே ரசீது போட்டால் என்ன?

பினாங்கு அக்கா, காலை 10:35
போன தடவை வாட்ஸ்அப்பில் போட்ட ரசீது குட் மார்னிங் படங்களுக்கு நடுவே காணாமல் போனது. மெயில்தான் வேண்டும்.

மாமா (பாளை), காலை 10:36
பொறுப்பை இசக்கியே எடுத்துக்கொள்ளட்டும்.

இசக்கி, காலை 10:37
நான் விதி போட்டுத் தருகிறேன் மாமா. பணப் பொறுப்பு மூத்தவர்களிடம் இருக்க வேண்டும்.

கோவில்பட்டி அத்தை, காலை 11:12
மருமகனே, ஒன்று கேட்க வேண்டும். காலையில் என் பேத்தி போனிலிருந்து கோயில் மெயிலுக்கு ஒன்று போடச் சொன்னேன். அண்ணன் பதில் வந்தது. படித்தேன். மறுபடியும் போடச் சொன்னேன். வரவில்லை. நீ அணைத்துவிட்டாயா?

இசக்கி, காலை 11:15
இல்லை அத்தை, இன்னும் அணைக்கவில்லை. ஒரே ஆள் திரும்பத் திரும்ப எழுதினால் ஒவ்வொன்றுக்கும் பதில் போகாது. யாருக்கு எப்போது பதில் போட்டோம் என்று சர்வர் குறித்து வைத்துக்கொள்ளும். ஒருவருக்கு ஒரு முறை போட்டால் அடுத்து 7 நாள் கழித்துத்தான். இரண்டு தானியங்கிப் பதில்கள் ஒன்றுக்கொன்று முடிவில்லாமல் எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

கோவில்பட்டி அத்தை, காலை 11:18
7 நாள் கழித்துப் போட்டால் வருமா?

இசக்கி, காலை 11:19
அணைக்காமல் இருந்தால் வரும்.

கோவில்பட்டி அத்தை, காலை 11:20
அப்படியானால் அணைக்காதே.

பம்பாய் அத்தான், காலை 11:26
அத்தை, வரி அனுப்புகிற மற்றவர்களுக்கெல்லாம் இப்படிப் பதில் போனால் நன்றாகவா இருக்கும்? வெளியூர்க்காரர்கள் அவர் காசியில் இருக்கிறார் என்றே நினைப்பார்கள்.

கோவில்பட்டி அத்தை, காலை 11:27
காசியில் இருந்தால் என்ன.

பினாங்கு அக்கா, காலை 11:31
எனக்கும் முதலில் பயமாக இருந்தது. இப்போது அந்த மெயிலை அழிக்க மனமில்லை.

இசக்கி, நண்பகல் 12:04
ஒரு வழி இருக்கிறது. காசி பதிலுக்கு ஒரு நிபந்தனை சேர்க்கலாம். அனுப்புநர் முகவரி அத்தை பேத்தியுடையதாக இருந்தால் மட்டும் அந்தப் பதில் போகட்டும். மற்றவர்களுக்கு "ரசீது கிடைத்தது, சாஸ்தா துணை" என்று கோயில் பேரில் புதுப் பதில். ஆனால் இதைப் பெரியம்மா சொல்லாமல் செய்ய மாட்டேன். அதுவரை காசி பதிலை அணைத்து மட்டும் வைக்கிறேன், அழிக்கவில்லை. அணைத்தாலும் அவர் எழுதிய வரிகள் அந்த விதிக் கோப்பில் அப்படியே இருக்கும், வேண்டும்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

சித்தப்பா, மதியம் 12:20
இசக்கி, அந்த முகவரிப் பட்டியலில் என்னுடையதையும் சேர்க்க முடியுமா? தலைப்பில் கணக்கு என்று போட மாட்டேன்.

இசக்கி, மதியம் 12:21
முடியும் சித்தப்பா.

முத்து, மதியம் 1:05
அம்மா பேசுகிறாள், நான் தட்டச்சு செய்கிறேன். "அழிக்க வேண்டாம். யார் யாருக்குப் போக வேண்டும் என்பதைப் பங்குனி முடிந்து எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து பேசுவோம். அந்த 14 கடிதத்தையும் காகிதத்தில் எடுத்துக் கொண்டு வரச் சொல். அவர் படத்துக்கு முன்னால் கொழுந்தனாரே படிக்கட்டும். கணக்கு நோட்டை நான் எடுத்து வைக்கிறேன்."

சித்தப்பா, மதியம் 1:11
சரி மதினி.

கோவில்பட்டி அத்தை, மதியம் 1:13
அரிசி நான் புடைத்துக் கொண்டு வருகிறேன்.

பம்பாய் அத்தான், மதியம் 1:30
3 வேன் சொல்லவா, வேண்டாமா?