புதுப்பிப்பு: காணாமல் போன ‘ச்சேரி’ கிடைத்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: கடலூரில் மாமா நடத்தும் டிராவல்ஸின் பழைய எச்டிஎம்எல் பக்கங்களில் ‘பாண்டிச்சேரி’யை ‘புதுச்சேரி’ ஆக்க (பெயர் 2006-லேயே மாறிவிட்டது), பைதானில் எல்எக்ஸ்எம்எல் (எச்டிஎம்எல்லைப் படித்துத் திருத்த உதவும் நிரல் தொகுப்பு) வைத்து போல்டு டேகை (எழுத்தைத் தடிமனாக்கும் குறி) நீக்கினால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து போகிறதே, ஏன் என்று. சரி, காரணம் பிடிபட்டது. பக்கத்தில் ‘பாண்டி’ மட்டும் போல்டில் இருந்தது, அதனால் பெயர் இரண்டு துண்டாகி, முழுசாகத் தேடி மாற்ற முடியவில்லை. எல்எக்ஸ்எம்எல்லுக்கு அந்த போல்டு டேக் ஒரு நோட் (பக்கத்தின் ஓர் உறுப்பு). உள்ளே இருக்கும் ‘பாண்டி’ அந்த நோடின் டெக்ஸ்ட், மூடும் டேகுக்குப் பின்னால் நிற்கும் ‘ச்சேரியில்’ அதே நோடின் டெயில். நோடை நீக்கும் ரிமூவ் கட்டளையைப் போட்டால் டெயிலும் கூடவே போய்விடும். டிராப்_டேக் என்ற கட்டளையோ டேகை மட்டும் உரித்துவிட்டு, இரண்டையும் முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிவிடுகிறது. அப்புறம் டெக்ஸ்ட், டெயில் இரண்டிலும் சாதாரண ரீப்ளேஸ் (ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றைப் போடுவது) போதும். ‘-யில்’, ‘-க்கு’ எல்லாம் இரண்டு பெயருக்கும் ஒன்றுதான். கட்டணப் பக்கம் முழுசாக வந்ததும் அவ்வளவு நிம்மதி. டெயிலைப் பார்க்கச் சொன்னவருக்கு ரொம்ப நன்றி.