பொருள்: ‘பொட்டானிக்கல் இல்லஸ்ட்ரேஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

மா., திண்டுக்கல் | செவ்வாய்

அனைவருக்கும் வணக்கம். ஆய்வுக்கட்டுரைகளுக்கும் நூல்களுக்கும் செடிகொடிகளை வரைந்து கொடுப்பது என் தொழில். எங்கும் மாதச் சம்பளம் கிடையாது. படத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு செய்கிறேன். தமிழ்வழியில் தாவரவியல் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தக் கேட்டிருக்கிறார்கள். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உள்ளே எழுதியாகிவிட்டது, அட்டைக்குத்தான் சொல் இல்லை.

‘தாவர வரைபடம்’ ஒத்துவராது. ‘மலர் வரைபடம்’ என்று பாடப்புத்தகத்தில் இருப்பது, பூவின் உறுப்புகளை வட்டம் வட்டமாக அடுக்கிக் காட்டும் குறியீட்டுப் படம். பிள்ளைகள் இரண்டையும் ஒன்று என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இந்தச் சொல்லில் எனக்குப் பிழைப்பும் இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் என் பில்லை ‘அலங்காரப் படம்’ என்ற தலைப்பில் சேர்த்து, அதற்குரிய வீதத்தில் பாதியாக வெட்டினார்கள். நான் கொடுத்தது காந்தள். அதன் சூலகத்தண்டு சூல்பையை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். காலண்டர் படங்களில் அது நேராக நிற்கும், இல்லையென்றால் இருக்கவே இருக்காது. இதழ்கள் மஞ்சளும் பச்சையுமாக விரிந்து, நாளாக ஆகச் சிவக்கும். ஒரே பூவை வரைந்தால் பாதிச் செய்திதான். இலைநுனி பற்றுக்கம்பியாகச் சுருள்வதைக் காட்ட வேண்டும், மண்ணைத் தோண்டிக் கலப்பை மாதிரி வளைந்த கிழங்கையும் காட்ட வேண்டும். அத்தனையும் அளந்து, பக்கத்தில் அளவைக் குறித்துத்தான் கொடுத்தேன். அதற்கு அலங்காரம் என்று பெயர் வைத்தால் எப்படி?

இரா., திருச்சி | செவ்வாய்

அன்புள்ள அம்மா, சொல் தேடி வெளியே போக வேண்டாம். நெடுநல்வாடையில் ‘புனையா ஓவியம்’ இருக்கிறது. வண்ணம் கொடுக்காமல் வடிவத்தைக் கோட்டால் மட்டும் காட்டிய சித்திரம் என்பது நச்சினார்க்கினியர் உரையின் கருத்து. மணிமேகலையிலும் இத்தொடர் வருகிறது. கறுப்பு மையில் நீங்கள் போடுவது இதுதானே? வரைபவருக்கும் பெயர் உண்டு. மதுரைக்காஞ்சி ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்கிறது. ‘எவ்வகைச் செய்தியும் உவமம் காட்டி, நுண்ணிதின் உணர்ந்த நுழைந்த நோக்கின்’ என்ற அடைமொழி உங்கள் தொழிலுக்கென்றே எழுதியது போல இருக்கிறது.

ஓவியத்தின் வேரையும் சொல்லிவிடுகிறேன். ‘ஒவ்வு’ (ஒத்திரு) என்பதிலிருந்து ‘ஓவம்’, ‘ஓவியம்’ வந்தன என்பார்கள். ‘ஓவத் தன்ன இடனுடை வரைப்பில்’ என்று புறநானூறு 251 தொடங்குகிறது. ஆக, ஓவியம் என்ற சொல்லுக்குள்ளேயே மூலத்தை ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. அந்த அடியில் வரும் ‘வரைப்பு’ எல்லைக்குட்பட்ட இடம். வரை, வரைவு, வரையறை எல்லாம் எல்லை கட்டுவதிலிருந்து வந்தவை. அதனால்தான் அந்தக் காலத்தில் படத்தை ‘எழுதினார்கள்’. தொய்யில் (பெண்கள் உடலில் தீட்டும் கோலம்) எழுதினார்கள், கண்ணுக்கு மை எழுதினார்கள். ‘எழு’ என்ற அடியிலிருந்து, வெறுந்தளத்தில் உருவை எழச்செய்வது எழுதுதல் என்றும் சொல்வார்கள். இதைப் பற்றித் தனி மடலே எழுதலாம், நாளை எழுதுகிறேன்.

செ., சென்னை | புதன்

ஐயா ஓவியத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ‘தாவர’த்தை யார் பார்ப்பது? அது ‘ஸ்தாவரம்’, அசையாதது என்று பொருள். அதே பொருளில் நம்மிடம் ‘நிலைத்திணை’ இருக்கும்போது கடன் எதற்கு? ‘நிலைத்திணை ஓவியம்’ என்று அட்டையில் போடுங்கள். நாம் வைக்காவிட்டால் யார் வைப்பது? ‘பேருந்து’ வந்தபோதும் புரியாது என்றுதான் சொன்னார்கள்.

கு., கோவை | புதன்

நான் பள்ளியில் தாவரவியல் எடுக்கிறவனுங்க. திணை என்றதும் என் மாணவன் குறிஞ்சி, முல்லை என்று ஒப்பிப்பான். ‘நிலைத்திணை ஓவியம்’ என்று பார்த்தால் ஐந்திணைக் காட்சியை வரையச் சொல்கிறார்கள் போல என்று நினைத்துக்கொள்வான். தொல்காப்பியர்கூட ‘புல்லும் மரனும் ஓரறி வினவே’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லி முடித்துக்கொண்டார். நிலைத்திணை, இயங்குதிணை என்று பிரித்துப் பேசியது உரைகளில். ‘தாவரம்’ மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ‘தாவர விளக்கப்படம்’ என்று வையுங்கள். கேட்டதும் புரியும்.

செ., சென்னை | புதன்

புரிவது மட்டுமே அளவுகோல் என்றால் ‘இல்லஸ்ட்ரேஷன்’ என்றே போட்டுவிடலாமே, அதுவும் புரியும்.

வ., யாழ்ப்பாணம் | புதன்

வணக்கம் பிள்ளை. உங்கட காந்தளை நாங்கள் கார்த்திகைப்பூ எண்டு சொல்லுவம். எங்கட பள்ளிக்கூடங்களில பாடத்தின்ர பேரே ‘சித்திரம்’. ‘தாவரச் சித்திரம்’ எண்டால் இங்க ஒருத்தருக்கும் விளக்கம் தேவையில்லை. இன்னொண்டும் சொல்ல வேணும். நீங்கள் மஞ்சரி எண்டுறதை நாங்கள் பூந்துணர் எண்டுறம். நீங்கள் சூலகத்தண்டு எண்டுறது எங்களுக்குத் தம்பம், சூலகமுடி எங்களுக்குக் குறி. கையேட்டில ரெண்டு வழக்கையும் போட்டால் இங்கயும் பயன்படும்.

இரா., திருச்சி | புதன்

பூந்துணர் அருமையான சொல். ‘துணர்’ சங்க இலக்கியத்தில் பூங்கொத்து. நாம்தான் மஞ்சரிக்கு மாறிவிட்டோம்.

தாவரவியலும் சொற்களும் சேர்ந்த இடம் என்றால் தரங்கம்பாடி நினைவுக்கு வருகிறது. அங்கே வந்த மதபோதகர் ராட்லர் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய அதே கையால் தமிழ்–ஆங்கில அகராதியும் தொகுத்தார். 1836இல் மறைந்தார். ஒரு செடியின் பெயரை ஊரார் வாயில் கேட்டு எழுதியவருக்குத்தான் அகராதியும் கைவரும் என்று நினைக்கிறேன்.

மா., திண்டுக்கல் | வியாழன் காலை

யாழ்ப்பாணத்து ஐயாவின் யோசனைப்படி உறுப்புப் பெயர்களை இரண்டு வழக்கிலும் போட்டுவிட்டேன். நன்றி.

‘விளக்கப்படம்’ வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்கிறேன், கோவை அண்ணா. விளக்கப்படம் என்றால் எழுத்து முதலில், படம் அதற்குத் துணை. இந்தத் தொழிலில் பல நேரம் படமே சான்று. மலபார்ச் செடிகளைப் பற்றி டச்சு அதிகாரி வான் ரீட் தொகுத்த 12 தொகுதிகள் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தன. செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை நிறுவிய லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அந்தப் படங்களை நம்பிப் பல செடிகளுக்குப் பெயர் வைத்தார். அவற்றில் சில பெயர்களுக்கு இன்றைக்கும் மூலச்சான்றாக (அந்தப் பெயர் எந்தச் செடிக்கு உரியது என்று காட்டும் சான்றாக) நிற்பது உலர்செடி இல்லை, அந்தப் படம்தான். துணைக்கு வந்ததாக இருந்தால் அப்படி நிற்குமா?

நம் பக்கத்துக்கு வந்தால், சென்னையில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்கு வரைந்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். இந்தியச் செடிகளைப் பற்றி வைட் வெளியிட்டு 1853இல் முடிந்த ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள். பல படங்களின் மூலையில் வரைந்தவர் பெயரும் ‘டெல்.’ என்ற லத்தீன் சுருக்கமும் இருக்கும். ‘வரைந்தார்’ என்று பொருள். கோவிந்துவின் பெயரில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் பெயரிட்டார். எனக்கு வேண்டியது அந்த மூலையில் உட்காரக்கூடிய சொல்.

‘புனையா ஓவியம்’ மனசை விட்டுப் போகவில்லை. இன்றைக்குப் புனைவு என்றால் கற்பனைக் கதை. அப்படியானால் புனையா ஓவியம், இட்டுக்கட்டாத ஓவியமும் ஆகிறது. எனக்கு இரண்டு பொருளும் வேண்டும். உலர்ந்த பூவை வெந்நீரில் போட்டு இளக்கி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பிரிக்கும்போது ஒரு மகரந்தத்தாள் உடைந்திருந்தால், மற்ற ஐந்தையும் பார்த்து ஆறாவதை நானாகப் போட்டுவிடக் கூடாது. வேறொரு பூவை எடுத்துப் பிரிக்க வேண்டும், அல்லது உடைந்தது என்று குறிக்க வேண்டும். இதைத்தான் முதல் நாள் பாடமாக வைத்திருக்கிறேன்.

கு., கோவை | வியாழன்

தங்கச்சி சொல்வது நியாயம்தானுங்க, விளக்கப்படத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அட்டையில் ‘புனையா ஓவியம்’ என்று மட்டும் இருந்தால் செடி எங்கே? வண்ணம் தீட்டிய படம் வந்தால் அதை என்ன சொல்வது? என் ஓட்டு ‘தாவர ஓவியம்’.

வ., யாழ்ப்பாணம் | வியாழன்

சித்திரம் இல்லாட்டில் ஓவியம், எனக்குச் சம்மதம். தாவர ஓவியம்.

இரா., திருச்சி | வியாழன்

தாவர ஓவியம், தாவர ஓவியர். ‘கண்ணுள் வினைஞர்’ என்பதை முன்னுரையிலாவது போடுங்கள் அம்மா.

செ., சென்னை | வியாழன் இரவு

நான் ஒப்பவில்லை. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்தை மூன்று நாள் புரட்டிவிட்டு, கடைசியில் ஒரு பாதியைக் கடன் வாங்கித்தான் சொல் ஆக்க முடிந்தது என்றால் எனக்கு வலிக்கிறது. பிள்ளைகளுக்குத் தெரியாது என்கிறோம். தெரியவைக்கத்தானே பயிற்சி நடத்துகிறோம்? என் மறுப்பு இந்த இழையில் பதிவாகட்டும். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடியும் கேட்பேன்.

மா., திண்டுக்கல் | வெள்ளி

அட்டையில் ‘தாவர ஓவியம்’ என்று அனுப்பிவிட்டேன். கோட்டுமைப் படங்கள் பற்றிய இயலுக்குப் ‘புனையா ஓவியம்’ என்று தலைப்பு. நெடுநல்வாடை அடியும் அங்கே இருக்கிறது. முன்னுரையில் கண்ணுள் வினைஞர் வந்துவிட்டார்கள், ஐயா. சென்னை ஐயாவின் நிலைத்திணையைச் சொல்லடைவில் தாவரத்துக்குப் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். இனிமேல் என் பில்லில் ‘தாவர ஓவியம், ஒன்று’ என்றுதான் எழுதப்போகிறேன்.

இரண்டாம் நாள் பாடத்துக்கு இன்னும் இரண்டு சொல் பாக்கி. புள்ளிகளாலேயே நிழல் காட்டும் முறைக்குப் ‘புள்ளியிடல்’ போதுமா? படத்தின் அடியில் போடும் ‘ஸ்கேல் பார்’? அச்சகத்தார் திங்கள் வரை அந்தப் பக்கத்தை மட்டும் நிறுத்திவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

செ., சென்னை | வெள்ளி

அளவுக்கோடு. ‘அளவுகோல்’ வேண்டாம், அது கையில் பிடிப்பது.

கு., கோவை | வெள்ளி

‘அளவுக்கோடு’ என்பதில் வல்லினம் மிகுமா, மிகாதா? திருச்சி ஐயா சொல்லட்டும்.