கராஜ் பட்டறையில் காங்கிரீட்டின் மேல் மரத்தளம்: உங்கள் அனுபவம் என்ன?

முதற்பதிவு (ஸ்கார்பரோ)

தளம் போட்டு நான்கு குளிர்காலம் கழிந்தபின், பனி உருகிய வாரத்தில், மேசை ரம்பத்தின் கீழிருந்த பலகை மட்டும் மிதித்தால் அமுங்கியது. திருகாணிகளைக் கழற்றித் தூக்கியதும் ஈரச்சாக்கின் வாடை முகத்தில் அடித்தது. முக்கால் அங்குலப் பிளைவுட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் அடியில், காங்கிரீட்டின் மேல் கிடந்த இரண்டுக்கு நான்கு அங்குல மரச்சட்டத்தை நகத்தால் கீறியபோது, அது ஊறிய அவலைப் போல் உதிர்ந்தது. பாலித்தீன் தாளை நான் விரிக்காமல் இல்லை. சட்டங்களுக்கு அடியில் விரிக்க வேண்டியதை அவற்றின் மேல் விரித்திருந்தேன். தாளின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகக் கோத்திருந்த நீர்த்துளிகள் இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை.

மறுமொழி (மார்க்கம்)

தாளின் மேல் பழியைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மண்ணிலிருந்து ஏறும் ஓதத்தைத் தாள் தடுக்கும். வசந்தகாலத்து வெதுவெதுப்பான காற்று சில்லிட்ட காங்கிரீட்டைத் தொட்டு வியர்ப்பதையும், கதவின் அடியில் கசிந்து வரும் பனிநீரையும் எந்தத் தாள் தடுக்கும்?

என் குறை வேறு. கராஜ் தளத்துக்குக் கதவை நோக்கி வாட்டம் விட்டிருப்பார்கள் என்பது தெரிந்திருந்தும், ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் சட்டங்களை அப்படியே படுக்கப் போட்டுவிட்டேன். அடிக்கு அரைக்கால் அங்குலம் என்றாலும் இருபது அடிக்கு இரண்டரை அங்குலம் ஆகிறது. முதன்முதலில் கடைந்து முடித்த சப்பாத்திக் கட்டையைத் தரையில் வைத்தேன். அது யாரும் தொடாமலே மெல்ல உருண்டு சென்று கதவில் முட்டி நின்றது. மனைவி பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

மறுமொழி (நியூ ஜெர்சி)

வெறும் காங்கிரீட்டில் தலைகீழாக விழுந்த உளியின் முனை பிறை போல் உடைந்ததைப் பார்த்த அன்றே மரத்தளத்துக்கு மாறினேன். என் கதை அவ்வளவுதான்.

நீங்கள் இருவரும் வாதிடுவதை விட, ஒன்றரை அடிச் சதுரமான பாலித்தீன் தாளின் நான்கு ஓரங்களையும் காங்கிரீட்டில் இறுக ஒட்டி, பதினாறு மணி நேரமாவது விட்டுப் பாருங்கள். அடியில் துளி கோத்தாலோ காங்கிரீட் கறுத்தாலோ அது மண்ணின் ஓதம். மேற்புறம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். ஓரிடத்தில் மட்டும் ஒட்டி முடிவு கட்டிவிட வேண்டாம். சட்டங்களுக்கு, அழுகாதிருக்க மருந்தேற்றிய மரமே வேண்டும். பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக வைத்து, இடையில் திண்ணிய நுரைப்பலகையை நிரப்பினால் காங்கிரீட்டின் குளிர் பிளைவுட்டுக்கு ஏறாது, மிதிக்கும்போது பறை போல் அதிரவும் செய்யாது. சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி விடுங்கள்; மரம் மூச்சுவிட வேண்டும். கதவுப் பக்கம் ஆப்பு வைத்து உயர்த்துபவர்கள், ஒவ்வோர் ஆப்பையும் பசையிட்டுப் பிணைக்காவிட்டால், ரம்பத்தின் அதிர்வில் அது நழுவிவிடும்.

யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்: அதே கராஜில் காரையும் நிறுத்துபவர் இந்த எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு தவழ்ந்து சட்டங்களின் இடுக்கில் தங்கும். இங்கே அமெரிக்க மாநிலங்கள் பல பின்பற்றும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பும், கராஜ் தளம் எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும் என்றே கூறுகிறது.

முதற்பதிவர்

கார் வெளியில்தான் நிற்கிறது. நேற்று மாலை இரண்டு இடங்களில் தாள் ஒட்டினேன். உட்சுவரோரம் ஒட்டியது இருபுறமும் உலர்ந்திருக்கிறது. கதவோரம் ஒட்டியதன் அடியில் காங்கிரீட் கறுத்திருக்கிறது. ரம்பம் நின்றது கதவோரத்தில்தான். அது மண்ணின் ஓதமா, மார்க்கம் நண்பர் சொன்ன பனிநீரா என்று அறிய, கதவின் அடி ரப்பரை இந்த வாரம் மாற்றிவிட்டு மறுபடியும் ஒட்டிப் பார்க்கப் போகிறேன்.