பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்துக்கொண்டு குடியிருக்கலாமா?

கேள்வி:
வடக்கு மாசி வீதிக்கு அருகிலுள்ள தம் பழைய வீட்டைப் பார்த்துக்கொண்டு அதிலேயே குடியிருக்குமாறு, சென்னையில் வசிக்கும் உரிமையாளர் எங்களைக் கேட்டிருக்கிறார். இப்போது நாங்கள் கொடுக்கும் வாடகை 9,000 ரூபாய். என் கணவரின் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடுகிறது. ஒத்திக்குப் போகலாமென்றால் மொத்தமாகக் கொடுக்கப் பணமில்லை. அவர் மாதம் 1,500 ரூபாயும் மின்கட்டணமும் மட்டுமே கேட்கிறார். ஆனால், வீட்டுக்கு விலை படிந்தால் ஒரே மாதத்தில் காலி செய்ய வேண்டுமாம். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நம்பிப் போகலாமா?

பதில் 1:
அம்மா, காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டில் என் பெற்றோர் பதினோரு ஆண்டுகள் இப்படித்தான் இருந்தார்கள். ஆள் புழங்காத வீடு சீக்கிரம் பாழாகும் என்பதால், அறைகளை நாள்தோறும் திறந்து காற்றோட்டம் விடுவதும், ஐப்பசி மழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றுவதும், நிலைக்கதவுகளில் கரையான் ஏறாமல் கவனிப்பதும் பெரிய வேலை. ஓட்டுக்கும் மரத்துக்கும் ஆகும் செலவு யாருடையது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் மனவருத்தம் வந்தது அதனால்தான்.

பதில் 2:
பன்னிரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டால் வீடு நமக்கே என்று ஊரில் சொல்வது தவறு. காவலராகவோ பராமரிப்பவராகவோ இருப்பவருக்கு எத்தனை ஆண்டுகளானாலும் அந்தச் சொத்தில் உரிமை வராது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகக் கூறியிருக்கிறது. அதே வேளையில், 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, குடியிருக்கத் தந்த அனுமதியை உரிமையாளர் விலக்கிக்கொண்டாலும், வெளியேறவும் பொருட்களை எடுத்துச் செல்லவும் நியாயமான அவகாசம் தர வேண்டும். நீங்கள் பணமும் கொடுப்பதால், இது அனுமதியா வாடகையா என்ற கேள்வி பின்னாளில் எழலாம். அப்போது நீதிமன்றம் தாளின் தலைப்பைவிட, நடைமுறையில் வீடு யார் வசம் இருந்தது என்பதையே பார்க்கும். ஆகவே வாய்ப்பேச்சோடு நிற்காமல், வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு எழுதிக் கையெழுத்திடுங்கள்.

பதில் 3:
நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் இதை நிறுவனங்களே நடத்துகின்றன. நான் லண்டனில் படித்தபோது மூடப்பட்ட அலுவலகம் ஒன்றில் அவ்வாறு தங்கினேன். பணம் மிச்சமானது உண்மை. ஆனால் நான்கு வாரத்தில் வெளியேறச் சொன்னபோது புது இடம் தேடி அலைந்தேன். தனியாளாக இருந்ததால் சமாளித்தேன். பள்ளி செல்லும் பிள்ளையுடன் அது முடியாது. மிச்சமாகும் 7,500 ரூபாயில் ஒரு பகுதியை அடுத்த வீட்டின் அட்வான்சுக்கென்று மாதந்தோறும் ஒதுக்க முடிந்தால் மட்டும் போங்கள்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. ஓட்டுச் செலவு உரிமையாளருடையது, எப்போது விற்றாலும் மகளின் ஏப்ரல் தேர்வு முடியும்வரை காலி செய்யச் சொல்லக் கூடாது என்ற இரண்டையும் எழுதித் தரக் கேட்கப்போகிறேன். மறுத்தால் இப்போதுள்ள வீட்டிலேயே இருப்போம்.