மறு: ‘முடிந்தவரை’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

பாதுகாப்புச் சட்டங்களில் வரும் ‘ரீசனப்லி பிராக்டிகபிள்’ என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழாக்க ‘முடிந்தவரை’ போதும் என்று நம் குழுவில் அண்ணன் எழுதியிருந்தார். எளிய சொல்தான், ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. 2025 வரை நடப்பில் இருந்த இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தில், 1987இல் சேர்த்த 7ஏ பிரிவில் இந்தத் தொடர் இருந்தது. தொழிலாளரின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஆலையை நடத்துபவர் எந்த அளவுக்குப் பொறுப்பு என்பதைச் சொன்னதே இதுதான். அங்கே ‘முடிந்தவரை’ என்று போட்டால், “என்னால முடிஞ்சது இவ்வளவுதான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மண்டபம் ஊர்ப் பக்கம் நான் பார்த்த ஒரு ஐஸ் கம்பெனியைச் சொல்கிறேன். அங்கே குளிரூட்டப் பயன்படும் அமோனியா ஈரத்தைத் தேடிப் பிடிக்கும் வாயு. வால்வு கசிந்தால் கண், தொண்டை, நுரையீரல் என்று தாக்கும். கம்ப்ரசர் ஓட்டுபவர் தோளில் நனைத்த துண்டு ஒன்று கிடந்தது. முகமூடியோ ஆபீஸ் ரூம் பீரோவில், சாவி மேனேஜரிடம். கேட்டால், “வாங்கி வச்சிருக்கோமே” என்றார்கள். கம்ப்ரசர் அறை வாசலுக்கு வெளியே ஓர் ஆணி அடித்து மாட்டியிருந்தால், கசிவுக்குள் போகாமலே எடுக்கலாம். அதற்கு என்ன செலவு?

இந்தத் தொடருக்கு நீதிமன்றம் பொருள் சொன்னது பிரிட்டனில், 1949இல் எட்வர்ட்ஸ் வழக்கில். சுரங்கப் பாதையின் பக்கச்சுவர் சரிந்து ஒரு தொழிலாளி இறந்தார். நீதிபதி அஸ்குவித் ஒரு தட்டில் ஆபத்தையும், மறு தட்டில் அதைத் தடுக்க ஆகும் பணம், நேரம், சிரமத்தையும் வைத்தார். ஆபத்து அற்பமாகவும் செலவு அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்குப் பெரிதாகவும் இருந்தால்தான் விலக்கு. செலவு சற்றுக் கூடுதல் என்பது காரணமாகாது. ஆஸ்திரேலியாவின் 2011 பணியிடப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவு: ஆபத்து நேர எவ்வளவு வாய்ப்பு, நேர்ந்தால் எவ்வளவு கேடு, நடத்துபவர் என்ன தெரிந்திருக்க வேண்டும், தடுக்க வழி உண்டா என்று எல்லாம் பார்த்த பிறகுதான் செலவுக் கணக்கு.

சரி, ‘இயன்ற வரை’? பொருளைப் பார்த்தால் அது அளவு மீறியது. உடலால் செய்ய முடிகிற எல்லாவற்றையும் செய் என்று அஸ்குவித் சொல்லவில்லை. புழக்கத்திலோ ‘முடிந்தவரை’ போலவே தளர்ந்துவிட்டது.

என் பரிந்துரை: ‘நியாயமாகச் செய்யத்தக்க அளவுக்கு’. ஏற்கத்தக்க, தண்டிக்கத்தக்க என்று சட்டத் தமிழில் ‘தக்க’ ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. செய்ய முடிவது, செய்தாக வேண்டியது இரண்டும் அதில் அடங்கும்.

பாம்பன் அக்கா கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிக் கேட்டிருந்தார். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையிடுக்கில் கைவிடுகிறவர்களுக்கு ஆலையும் இல்லை, அதை நடத்துபவரும் இல்லை. 7ஏ அவர்களை எட்டியதில்லை. அதைத் தனி இழையில் கட்டாயம் பேச வேண்டும்.

அப்புறம், பெயர்ச்சொல் வடிவம். ‘பிராபபிலிட்டி’க்கு நிகழ்தகவு இருப்பதுபோல் இதற்கு ‘செய்தகவு’ வைக்கலாமா? ‘நியாயச் செய்தகவு’ என்றால் தொழிலாளருக்கு விளங்குமா என்று ஐஸ் கம்பெனி ஆட்களிடமே படித்துக் காட்டிவிட்டு எழுதுகிறேன்.