1946-ல வண்ணாரப்பேட்டையில ஒரு லேடி டிடெக்டிவ், நம்பற மாதிரி இருக்கா?

தண்டையார்பேட்டை கிறுக்கி கேட்டது:

வணக்கம் மக்களே. ரெண்டு வருஷமா ஒரு நாவல் எழுதிட்டு இருக்கேன், இப்ப மாட்டிக்கிட்டேன். காலம் 1946, சண்டை முடிஞ்சு ஒரு வருஷம்கூட ஆகல. ஹீரோயினுக்கு 27 வயசு, ராயபுரம் கான்வென்ட்ல படிச்சவ, யுத்தத்துல பொம்பளைங்களுக்குன்னு ஆரம்பிச்ச டபிள்யூ.ஏ.சி.ஐ படையில டெலிபோன் போர்டுல உக்காந்தவ. சண்டை முடிஞ்சதும் வேலை போச்சு, பழைய வண்ணாரப்பேட்டையில அம்மா வீட்டோட இருக்கா.

முதல் கேஸு இதான். அடுத்த தெருவுல ஒருத்தரு 1941-ல ரங்கூன் ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போனவரு, ஜப்பான்காரன் உள்ள வந்ததுல இருந்து ஒரு கடுதாசி இல்ல. அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு ஆளு வந்து நான்தான் அவன்றான். கண்ணு மங்கிப்போன அம்மா எம் புள்ளன்னு கட்டிப்புடிச்சு அழறாங்க, பொண்டாட்டி மட்டும் சோறு போடுறா, வாயத் தொறக்கல. வந்தவன் யாருன்றதுதான் கதை. கிளைமாக்ஸ் காசிமேடு ஹார்பர்ல சேசிங், நடுவுல பர்மா பஜார்ல அத்தோ (பர்மாக்காரங்க நூடுல்ஸ்) சாப்புட்டுக்கிட்டே அவன நோட்டம் விடற சீன் ஒண்ணு, எனக்கு ரொம்ப புடிச்சது. ஃப்ரெண்டு ஒருத்தன் படிச்சுட்டு "அந்தக் காலத்துல பொம்பள எங்க துப்பறிஞ்சா"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டான். அவன் சொல்றது சரியா?

கல்மண்டபத்துக்காரன்:

சிஸ், பொம்பள துப்பறியறதுல ஒரு பிரச்சனையும் இல்ல, அத்தோதான் பிரச்சனை 😄 பர்மா பஜார் வந்ததே 1969-ல, அறுபதுகள்ல பர்மாலேர்ந்து தொரத்தி விட்டாங்களே அந்த ஜனங்களுக்காக. 1942-ல பர்மாலேர்ந்து தப்பிச்சு வந்தவங்க வேற செட்டு. காசிமேடு ஹார்பரும் ரொம்ப லேட்டு, உங்க கதை காலத்துல மணல்ல கட்டுமரம் இழுத்துப் போட்டிருப்பாங்க அவ்ளோதான். சேசிங் வேணும்னா டிராம் இருக்கு, 1953 வரைக்கும் ஓடுச்சு, ஓடற டிராம்ல தாவி ஏறறது ஹார்பர விட கெத்தா இருக்கும்.

அப்புறம் இன்ஸ்பெக்டர் அவகிட்ட வந்து ஐடியா கேக்கறா மாதிரி வெச்சுடாதீங்க. நம்மூர்ல போலீஸ்ல பொம்பளைங்கள எடுத்ததே 1973-ல. ஸ்டேஷன்ல இவள பெஞ்சுல உக்கார வெச்சு வீட்டு ஆம்பளைய கூட்டிட்டு வான்னுதான் சொல்லுவான். டீக்கடையில எல்லாரும் லட்சுமிகாந்தன் கொலை கேஸ பத்தி பேசட்டும், அதுல சிக்குன சினிமா ஸ்டார் பாகவதர் அப்ப ஜெயில்லதான் இருந்தாரு, 1947-லதான் வெளிய வந்தாரு.

ஆயா பேரன்:

எங்க ஆயா இருந்திருந்தா உங்களுக்கு முழு நாவலே சொல்லிருக்கும். 1942 ஏப்ரல்ல கொழும்புல குண்டு போட்டதும் அடுத்தது மெட்ராஸ்தான்னு ஊரே காலி, வேலை இல்லாதவங்கல்லாம் வெளிய போயிடுங்கன்னு கவர்மெண்டே சொல்லிருச்சு, ஹைகோர்ட்ட கோயமுத்தூருக்கு தூக்கிட்டாங்க, ஜூல இருந்த சிங்கம் புலிய குண்டு விழுந்தா தப்பிச்சு ஊருக்குள்ள வந்துரும்னு சுட்டே போட்டுட்டாங்க. ஆயா சொல்லும், மாட்டு வண்டியில பானை சட்டிய ஏத்திக்கிட்டு, பூட்டுன வீட்டு சாவிய யார்ட்ட குடுக்கறதுன்னு தெரியாம முந்தானையில முடிஞ்சுக்கிட்டு போச்சாம். வந்த வெலைக்கு வீட்ட வித்துட்டு ஓடுனவங்களும் உண்டு.

உங்க கேஸுக்கு மோட்டிவ் இங்கதான் இருக்கு. மாமனாரு அந்த ஏப்ரல்ல ஒரு வீட்ட சல்லிசா வாங்கி ரங்கூன்ல இருக்கற புள்ள பேர்ல எழுதி வெச்சுட்டு செத்துட்டாருன்னு வைங்க. 1946-ல ஜனம் திரும்பி வந்து வீட்டு வெல ஏறிடுச்சு, விக்கணும்னா புள்ள கையெழுத்து வேணும். வந்தவன் எதுக்கு வந்தான்னு இப்ப புரியுதா? அவன புடிக்கறதுக்கும் வழி இருக்கு, பத்திரம் பதியறப்ப பெருவிரல் ரேகை எடுக்கறது வெள்ளைக்காரன் காலத்துலயே உண்டு. நெஜ புருஷன் கப்பல் ஏறறதுக்கு முன்னாடி ஏதோ ஒரு பத்திரத்துல ரேகை வெச்சிருந்தா போதும், மேட்டர் ஓவர்.

பெரம்பூர் லோகோ:

ரேகை ஓகே, ஆனா ஒரு பொண்ணு கேட்டா அந்த புக்க யார் எடுத்துக் காட்டுவான்? அவளுக்கு வேற வழி குடுங்க. அப்ப அரிசி, சக்கரை, மண்ணெண்ணெய் எல்லாம் ரேஷன், கியூவுல பாதிக்கு மேல பொம்பளைங்கதான் நின்னுருப்பாங்க. எந்த வீட்டுக்கு யார் வந்தான், எத்தன வாய் கூடிச்சு, எல்லாம் அந்த கியூவுக்கு தெரியும், ஆம்பள டிடெக்டிவ் அங்க போய் நின்னா ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா. வந்தவன் பேர கார்டுல சேக்கணும்ல, பொண்டாட்டி அத தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கான்னா அங்கயே சந்தேகம் வந்துரும்.

இன்னொரு டவுட்டு. பொண்டாட்டிக்கு அவன் வந்த அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அவ ஏன் சொல்லல?

தண்டையார்பேட்டை கிறுக்கி:

எல்லாருக்கும் பெரிய நன்றி, நேத்து ராத்திரி தூங்கவே இல்ல. லோகோ அண்ணா, உங்க ரேஷன் கார்ட எடுத்துக்கறேன் ஆனா திருப்பி போட்டுட்டேன். அவ தள்ளிப்போடல. அவன்கிட்ட ஒரு வார்த்த பேசாதவ, மூணாம் நாள் காலையிலயே போய் கியூவுல நின்னு அவன் பேர கார்டுல சேத்துட்டு வரா. நம்மாளு கியூவுல பின்னாடி நின்னுட்டு இருக்கா, அத பாக்கறா. பழைய புருஷன் அடிக்கறவன், தெருவுக்கே தெரியும். இப்ப ரேகை புக்க தேடிப்போகணுமா வேணாமான்னு முடிவு பண்ண வேண்டியது டிடெக்டிவ்தான்.

ஹார்பர தூக்கிட்டேன், டிராம் வந்துருச்சு. அத்தோவ தூக்கத்தான் மனசு வரல.

கல்மண்டபத்துக்காரன்:

தூக்கிருங்க சிஸ். கடற்கரையில சுண்டல் வாங்கிக் குடுங்க, யாரும் கேக்க மாட்டான்.